சீரகத் தண்ணீர்

மூடியைத் திறந்ததுமே வாடை மூக்கில் அறைந்தது.

பிராந்தி.

தாம்பூலத் தட்டில், சால்வைக்கும் மாலைக்கும் நடுவே அந்தப் பிளாஸ்க்கை மரியாதையாக வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் கொடுத்தனுப்பியது. வித்வானுக்கு ஸ்பெஷலாம்.

நல்லவேளை, அவள் புருஷன் அடுத்த அறையில் நாதஸ்வரத்துக்குச் சீவாளியைப் பொருத்தி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். பாழாய்ப்போன நாற்றம் போகும்வரை கழுவினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சீரகத் தண்ணீரை அதில் ஊற்றி மூடினாள்.

குடியை ஆடியில் விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை கால் உதறி, அவளையே யாரென்று கேட்டு, மீண்டு வந்த மனுஷன். இனி தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இதுதான் முதல் கச்சேரி.

குடிக்காமல் ஊதினால் வெறும் காற்றுதான் வரும் என்று காலையிலிருந்து புலம்பல். அவரைச் சொல்லி என்ன? ஊர் ஓதிக்கொடுத்தது அது. குடித்தால்தான் அவருக்குத் தோடி ராகம் வருமாம்.

பன்னிரண்டு வயதில் சந்நிதியில் நின்று தோடி வாசித்தாரே, அன்றைக்கு எந்தக் கடையில் வாங்கிக் குடித்தார்?



முதல் உருப்படி முடிந்தது.

கீழே முன்வரிசையிலிருந்து வைத்திலிங்கம் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். மேடையில் அவள் புருஷனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்தார்.

அடப்பாவி மனுஷா.

ஒரு மடக்கு.

அடுத்த மடக்குக்குப் போகாமல் நிறுத்தினார். கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

வாத்தியத்தைத் தூக்கினார்.

தோடி.

முதலில் மூச்சு கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் தடுமாறவில்லை. பந்தியில் இருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து, கைகூடக் கழுவாமல் வந்து நின்றார்கள்.



"பாத்தீங்களா! ஒரு மடக்கு உள்ள போனதும் என்னமா இறங்குது!"

வைத்திலிங்கம்தான். பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டிச் சொன்னார்.

தவில் தனி ஆரம்பித்தது. அவள் எழுந்தாள். மேடையோரம் போய்ப் பிளாஸ்க்கை எடுத்துவந்தாள். மூடி நிறைய ஊற்றி, வைத்திலிங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் அசடு வழியச் சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

சிரிப்பு நின்றுபோனது.

"உள்ள போயிடுச்சுல்லண்ணே? மேடையேறி வாசிங்க."

 மூடி அவர் கையிலேயே இருந்தது.

தவில் முடிந்தது. மேடையிலிருந்து அவள் புருஷன் கையை நீட்டினார்.

பிளாஸ்க்குக்கு.