கடலைப் பார்த்த நாய்

எங்கள் ஃபானோ தீவில், கப்பற்காரன் வீட்டுக் கதவைத் தட்டுமுன் சன்னலில் இருக்கும் மரத்தால் செய்த நாய்ப் பொம்மையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய் வீட்டுக்குள் பார்த்தால் புருஷன் இருக்கிறான். வெளியே பார்த்தால் கடலுக்குப் போய்விட்டான்.

தோர்கில் தன் கையால் செதுக்கி, எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய தேக்கு நாய் அன்று காலை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் அவசரமாகச் சவரம் செய்துகொண்டு, கையில் கேக்கோடு போய், அவன் மனைவி குட்ரூனின் கதவைத் தட்டினேன்.

திறந்தது தோர்கில்!

"நீ... கப்பல் ஏறலையா?" என்று உளறினேன்.

"அடுத்த வாரந்தான். அட, கேக்கெல்லாம் எதுக்குய்யா ஹோல்கர்? உள்ள வா."

கூடத்தில் தபால்காரர், மீன்கடைக்காரர், சர்ச்சில் மணியடிப்பவர் மூவரும் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூவர் மடியிலும் கேக்.

"இதோட நாலு பேர் ஆச்சு. பியானோவை மாடிக்கு ஏத்தணும், பிடிங்க" என்றான் தோர்கில். "போன வாரம் கூப்பிட்டப்ப நாலு பேருக்கும் முதுகுவலின்னீங்க. இப்ப தேவலையா?"

சமையலறையிலிருந்து குட்ரூன் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஆளும் போதும், கேக்கும் போதும். நாயை உள்பக்கம் திருப்பி வைங்க!"