இருபத்தொன்பது அங்குலம்

"டேப்பை நீங்களே பிடிச்சுப் பாருங்க மேடம். டுவெய்ன் கோவால்கி ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரக் கூடாது."

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து நின்ற பெண் அதிகாரி வாயைத் திறப்பதற்குள், டேப்பின் முனை அவர் கையில் இருந்தது.

நகராட்சி கார் வாசலில் நின்றதுமே டுவெய்ன் தயாராகிவிட்டார். சனிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து. வீட்டை ஒட்டிப் புதிதாகப் போட்ட 'டெக்' என்னும் மரத்தளத்தில் நாற்பது பேர், பியரில் வெந்த சாஸேஜ். இந்த நேரம் பார்த்து யாராவது அனுமதியில்லாமல் கட்டியது என்று அதில் சிவப்புச் சீட்டு ஒட்டினால் மானமே போய்விடும்.

"இருபத்தொன்பது! தரையிலேருந்து உயரம் முப்பது அங்குலத்தைத் தாண்டினாத்தானே பர்மிட், கைப்பிடிக் கம்பி, சோதனை எல்லாம்? சட்டத்தை வரிவரியாப் படிச்சவன் நான்."

அதிகாரியின் பார்வை டேப்பில் இல்லை, காலடியில் இருந்தது. "இந்த மேடு முன்னாடியே இருந்துதா சார்?"

இந்தக் கேள்விக்குத்தான் டுவெய்ன் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"அங்கதான் மூளை! டெக் போட்டப்ப உயரம் அம்பது அங்குலம். பதினோரு லாரி மண்ணைக் கொட்டினேன். டெக் அசையல, தரை மேல வந்துடுச்சு. விஸ்கான்சின்ல வேற எவனுக்காவது தோணுமா?"

"தோணாது," என்றாள் கதவருகே நின்ற மனைவி மார்லிஸ். "மத்தவங்க டெக்கை இறக்குவாங்க. இந்த மனுஷன் பூமியை ஏத்தினார். போதும் டுவெய்ன், கொஞ்சம் மூச்சு விடு."

"நீ சும்மா இரு. தரையிலேருந்து அளக்கணும்னுதான் சட்டம். எந்தத் தரைன்னு சொல்லலையே!"

"பதினோரு லாரி," என்று குறித்துக்கொண்டார் அதிகாரி. "இதையே எழுதிக் கொடுப்பீங்களா?"

"தாராளமா!" கையெழுத்தைச் சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தினார் டுவெய்ன். "இப்ப சொல்லுங்க, என் டெக்ல என்ன குறை?"

"டெக் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் வடிகால் பிரிவு. பக்கத்து வீட்டுல தரைக்குக் கீழ இருக்கிற பேஸ்மென்ட் ரூமுக்குள்ள மழைத்தண்ணி இறங்குதுன்னு புகார். எங்கேருந்து வருதுன்னுதான் புரியாம இருந்துச்சு." அதிகாரி ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள மண்ணை மொத்தமா அள்ளிடுங்க. அப்புறமா டெக்கோட உயரத்தை அளக்க எங்க ஆபீஸ்லேருந்து வேற ஒருத்தர் வருவார்."