வளருற பிள்ளை

குடும்பம் புலம்பெயர்ந்து வாழும் லொங்குய் நகரத்தில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குள், பதினான்கு வயது ஜெயனி நீண்டதொரு வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி வீட்டாரோடு மான் வேட்டைக்குப் போகவேண்டும் என்று அவள் அடம்பிடித்ததில், அப்பா அருமைநாதன் உரிமமே எடுத்துவிட்டார்.

“வளருற பிள்ளை. கொஞ்சம் பெரிசா எடுப்பம்” என்றார், பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குகிறவர்போல.

அதுவரை வாசலோடு நின்ற அம்மா அஞ்சலீனா கிட்ட வந்தாள். தொலைக்காட்சியில் வெடிச்சத்தம் கேட்டாலே எழும்பிப் போகிறவள். இனி வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று ஜெயனி நினைத்தாள்.

அம்மா துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கினாள். அதன் வாயை நிலத்துக்குத் திருப்பி, திறந்து, உள்ளே குண்டில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, மூடித் தோளில் வைத்தாள். எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிந்தது.

“இது பிள்ளைக்கு நீளம். தோளைப் பிரட்டிப்போடும். கட்டையானதைக் காட்டச் சொல்லுங்கோ.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மா, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

அம்மா மகளின் தோளை மெல்லத் தடவினாள்.

“உன்ர வயசில இயக்கத்தில எனக்கும் ஒண்டு தந்தவை, பிள்ளை. ஆரும் அளவு பாக்கேல்லை.”