கோணல் அலை

"இது இதயத்துடிப்பா, கோழிக் கிறுக்கலா?" திரையைப் பார்த்துச் சீறினார் மேலாளர்.

அந்த ஈசிஜி கருவியின் சர்க்யூட்டை வடிவமைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்கட்டுகளிலிருந்து வரும் மின்னழுத்தங்களின் வித்தியாசத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ஆப்-ஆம்ப் சர்க்யூட் அது. நாளை வாடிக்கையாளரிடம் காட்டியாக வேண்டும். அலையோ குடித்தவன் நடைபோலத் தள்ளாடியது.

ரெசிஸ்டர்களை அளந்தாள், ஜோடிக்கு ஜோடி இம்மி பிசகாமல் பொருந்தின. ஆப்-ஆம்ப் சிப்பை மாற்றினாள். கிரவுண்ட் ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தாள். தள்ளாட்டம் நிற்கவில்லை.

"அந்தக் காலத்துல நான் கண்ணை மூடிக்கிட்டே போட்ட சர்க்யூட்மா இதெல்லாம். உனக்கு டிகிரி கொடுத்தவனைச் சொல்லணும்!"

"சர்க்யூட் சரியாத்தான் இருக்கு சார்."

"ஆமாமா, கோளாறு எங்கிட்டதான்!"

போன் அடித்தது. கைகளை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது, திரையில் அலை அச்சில் வார்த்தது போல ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! நாலு வார்த்தை திட்டினாத்தான் உனக்கு மூளை வேலை செய்யுது. எதை மாத்தினே?"

"ஆளை மாத்தினேன் சார்."

அவள் கைகளைத் தூக்கிக் காட்டினாள். அவர் மணிக்கட்டுகளிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போன கிளிப்புகள் இப்போது அவள் மணிக்கட்டுகளில் இருந்தன.

"காலையிலேருந்து கோணலா ஓடினது உங்க இதயம் சார். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

மேலாளர் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எதுக்கும்... சர்க்யூட்டை இன்னொரு தடவை பாரேன்மா."