ஆடாத காலண்டர்

சேலையூர் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. அது சுற்றினால் ஏசுபாதத்துக்கு உலகமே சுற்றும். தலைசுற்றலுக்குப் பயந்து ஒரு வாரமாக மல்லாந்தே கிடந்ததில், இப்போது தாம்பரத்து மின்சார ரயில்கள் அத்தனையும் அவர் முதுகின்மேல்தான் ஓடுகின்றன. எழுந்தால் முதுகு பிழைக்கும், தலை போனாலும் போகும். எதிர்ச்சுவர்க் காலண்டரில் கண்ணை ஆணியாக அறைந்துவைத்து, முழங்கையை ஊன்றி அங்குலம் அங்குலமாக எழுகிறார். வியர்வை காதுக்குள் இறங்குகிறது. வெந்நீர்ப் பையோடு நிற்கும் மனைவி சரசு குனிந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள். "இன்னாங்க, சுத்துதா?" "பேசாத. காலண்டர் யோசிச்சிகினு கீது." காலண்டர் லேசாகச் சாய்கிறது, பிறகு மனம் மாறி நிற்கிறது. உட்கார்ந்தேவிட்டார். "முதுகு கொல்லுது சரசு," என்கிறார், பல்லெல்லாம் தெரிய. அவள் கை ஃபேன் சுவிட்சுக்குப் போகிறது. "வேணாம். காத்துல காலண்டர் ஆடினா, ஆடுறது அதுவா நானான்னு யாரு சொல்றது?"