மனுதாரர் கையொப்பம்

கல்லூரி வாசலில் வேகத்தடை போட்டாயிற்று. கோப்பை முடிக்க, மனுக் கொடுத்த மாணவி வடிவுக்கனியின் கையொப்பம் வேண்டும். படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போன நகராட்சி எழுத்தர் ஆசீர், சுவரில் மாலையிட்ட படத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எப்படிம்மா?”

“இப்ப நீங்க வேகத்தடை போட்டியள்லா, அதே எடத்துல லாரி அடிச்சிட்டு,” என்றாள் தாய்.

“அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்கம்மா.”

அவள் படிவத்தை வாங்கவில்லை. உள்ளே போய், நகராட்சி அனுப்பிய பதில்களை எடுத்துவந்தாள். ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஆறு கடிதங்கள். ஆறிலும் முகவரியில் மகள் பெயர். நான்கு, அவள் போன பிறகு வந்தவை.

“வேலை இன்னும் முடியலன்னே எழுதிக்கிடுங்க சார். முடிஞ்சிட்டுன்னா, அவ பேருக்கு வேற யாரு கடுதாசி போடுவா?”