நாலு விரல் தள்ளி ஒரு கறை

"மறுபடியும் வந்துடுச்சு!"

அனந்தகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஷம்சாத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

வந்தது ஒரு கறை. கத்தியில்.

கத்தி என்றால் கறிகாய் நறுக்குகிறது இல்லை. முந்நூறு வருஷத்து ஜப்பான் வாள். ஜப்பான்காரர்களோடு சேர்ந்து துபாயில் பாலம் கட்டியபோது அனந்தகிருஷ்ணன் யோகோஹாமாவுக்கு ட்ரெயினிங் போனார். போன மனுஷன் பெண்டாட்டிக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினாரா? இந்தக் கத்தியையும், டீ குடிக்கிற மண் கிண்ணம் ஒன்றையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதற்கு அவர் பண்ணுகிற சேவகம் இருக்கிறதே! மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளைத் துணி விரித்து, மடித்த பேப்பரை வாயில் கவ்விக்கொண்டு உட்காருவார். மூச்சின் ஈரம் பட்டாலே துருப் பிடிக்குமாம். ஏதோ பவுடர் தட்டுவார், துடைப்பார், கிராம்பு எண்ணெய் தடவுவார். ரோலா ஏரியாவில் இருந்த அவர்கள் ஃப்ளாட் அன்றைக்குப் பூராவும் பல் டாக்டர் கிளினிக் மாதிரி மணக்கும்.

"வீட்டுக்குள்ள ஆயுதத்தை வெச்சா வெளங்குமா?" என்பாள் மனைவி வசந்தகுமாரி. அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டாள்.

2009 பிறந்ததும் துபாயில் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்கள். விசா வேறு முடியப்போகிறது. போன் பண்ணின இடத்திலெல்லாம் "சிவி அனுப்புங்க சார், பார்க்கலாம்" என்ற அதே பேச்சு. சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. மகள் மஹதி ஸ்கூல் பஸ் ஏறியதும் தினமும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அவரும் கத்தியும்தான்.

கறை வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

உறையிலிருந்து நாலு விரல் உருவியதுமே கண்ணில் படும். வட்டமாக, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில். பதறிப்போய் ஒரு மணி நேரம் துடைத்துப் பளபளவென்று வைப்பார். மறுநாள் உருவினால் அதே இடத்தில் அதே வட்டம். இரும்பு வேறு அங்கே அரிக்கத் தொடங்கியிருந்தது.

"ஷம்சாத், நீ தொட்டியா?"

"அல்லா! நான் ஏன் சார் தொடறேன்?" வேலூர்க்காரி அவள். கதவுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தாள். "ரத்தம் மாதிரியில்ல இருக்கு! எத்தனை பேரை வெட்டுச்சோ. உள்ள ஜின் இருக்கு சார். இந்த ரூமை இனிமே நான் பெருக்கமாட்டேன். கலாஸ், அவ்ளோதான்."

"போ போ, ஜின்னாம் ஜின்னு!"

சொல்லிவிட்டாரே தவிர, கத்தியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் கறை இருந்தது.

ஏசி ஓடும்போதே அவருக்கு வியர்த்தது. பூட்டின பீரோவுக்குள் யார் போய் வருகிறார்கள்? கத்தியை உயர்த்திப் பார்த்தார். அந்தப் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது. நெற்றியில், சரியாக நடுவில், அந்தக் கறை.

இது என்னைக் கூப்பிடுகிறதா, போகாதே என்கிறதா?

கத்தியை உறையில் போட்டு மூடினார். சூடாக ஒரு டீ குடித்தால் தேவலை என்று பீரோ மேலிருந்த ஜப்பான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அதில் டீ ஊற்றுவதற்கு முன்னால் வெந்நீர் ஊற்றி அலசுவது அவர் வழக்கம்.

ஊற்றின வெந்நீர் சிவந்தது.

கிண்ணத்துக்குள் மயிரிழை மயிரிழையாக ஓடும் வெடிப்புகளில் எல்லாம் சிவப்பு ஏறி, நரம்பு மாதிரி தெரிந்தது. ஐயோ என்று கிண்ணத்தைப் போடப் போனவர், மூக்கருகே கொண்டுவந்தார். பூஜை அலமாரி வாசனை.

குங்குமம்!

அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்த வசந்தகுமாரி திரும்பவே இல்லை.

"வசந்தா... நீயா?"

"ஆமா."

"சாவி என் பையில இருக்கே!"

"குளிக்கப் போனா சட்டையைக் கழற்றித்தானே ஆகணும்?"

அவருக்கு வந்ததே கோபம்! "அறிவிருக்கா உனக்கு? உன் சாமி பைத்தியத்துக்கு என் கத்திதான் கெடைச்சுதா? ஈரக் குங்குமம் பட்டா இரும்பு என்னத்துக்கு ஆகும்? ஜின்னா பேயான்னு பயந்து நான் செத்துட்டிருக்கேன்!"

வசந்தகுமாரி அடுப்பை அணைத்தாள்.

"மாசத்துக்கு ஒரு நாள் எடுக்கற கத்தியை, வேலை போனதிலேர்ந்து தினமும் எடுத்தீங்க. எனக்கு மனசு கேக்கலை. சாவித் துவாரம் வழியா பார்த்தேன். துணி விரிக்கலை. எண்ணெயை எடுக்கலை. சும்மா அதை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க." தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "வாயில பேப்பர் இல்லைங்க."

அனந்தகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வீங்க. கறையைப் பார்த்தா கோவம் வரும். கோவம் வந்தா பேப்பரைக் கவ்விக்கிட்டு துடைக்க உக்காந்துடுவீங்க. முழுசா உருவறதுக்குள்ள கண்ணுல படணும்னுதான், உங்க கிண்ணத்துலயே குங்குமத்தைக் குழைச்சு அந்த இடத்துல வெச்சேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "முந்நூறு வருஷத்துக் கத்தி, வசந்தா... அரிச்சே போச்சு" என்றார்.

துப்பட்டாவால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"போகட்டுங்க. கத்திதானே."